பிரிட்டிஷ் இந்தியத் தபால்தலை: அசலா, போலியா?

முதல் வேலை, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் அச்சைப் பார்ப்பது. லண்டனில் டி லா ரூ நிறுவனம் அச்சிட்ட விக்டோரியா தபால்தலைகள் எழுத்தச்சு முறையில், அதாவது மேடான பகுதியில் மை தடவி அழுத்தும் முறையில் வந்தவை. அச்சுக்கட்டை அழுத்தியதால் கோடுகளின் ஓரத்தில் மை ஒதுங்கி, நடுவைவிடக் கருமையாக நிற்கும். போலிகள் பெரும்பாலும் கல்லச்சு, அதாவது மேடுபள்ளமில்லாத கல்லில் மை தடவி அச்சிட்டவை. மை தட்டையாகப் பரவியிருக்கும். ஆனால் 1854இல் கல்கத்தாவில் அச்சான அரையணா, ஓரணா தலைகள் அசலே கல்லச்சுதான். அவற்றைத் தட்டையான மையை வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். நிறப்புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் அது இக்கால அச்சு, சந்தேகமே வேண்டாம்.

அடுத்து நீர்க்குறி, அதாவது காகிதத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மங்கலான உருவம். கறுப்புத் தட்டில் தலையைக் கவிழ்த்து வைத்து, நீர்க்குறித் திரவம் இரண்டு சொட்டு விடுங்கள். 1865 முதல் யானைத்தலை, 1882 முதல் நட்சத்திரம் தெரிய வேண்டும். 1854 தாள்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய சின்னம் தாள் முழுக்கப் பரவியிருந்ததால், ஒரு தலையில் அதன் துண்டு மட்டுமே விழும். சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. தண்ணீரில் நனைக்கவே நனைக்காதீர்கள், சில மைகள் கரைந்து ஓடும்.

டி லா ரூ தலைகளில் ஓரத் துளைகளின் அளவு 14, அதாவது 2 செ.மீ.க்கு 14 துளை.

அதிகம் ஏமாற்றுவது அசல் தலையில் செய்த மோசடிதான். பயன்படுத்திய தலையெனக் காட்டப் போட்ட பேனாக் கோட்டை ரசாயனத்தால் அழித்து, மேலே போலி முத்திரை குத்துவார்கள். புறஊதா விளக்கில் அழித்த கோடு பெரும்பாலும் நிழலாக எழும். காகிதமே பளீரென நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், அது வெண்மையூட்டி சேர்த்த பிற்காலக் காகிதம். முத்திரையின் ஆண்டு, தலை வெளியான ஆண்டுக்கு முந்தியதா என்பதையும் பாருங்கள்.