கொரியரை மணந்து எஃப்-6 விசா பெறுவது எப்படி?

தென்கொரியச் சட்டத்தின் பார்வையில் தாலிக்கும் மோதிரத்துக்கும் மண்டபத்துக்கும் எந்த எடையும் இல்லை. 'ஹோனின் சின்கோ' எனப்படும் திருமணப் பதிவு ஏற்கப்பட்டால்தான் நீங்கள் கணவன் மனைவி. ஆனால் அந்தப் பதிவு மட்டுமே அங்கே தங்கும் உரிமையைத் தந்துவிடாது. பதிவைச் செய்வது உள்ளாட்சி அலுவலகம். எஃப்-6 எனப்படும் திருமண விசா வழியாகத் தங்கும் உரிமையைத் தருவது நீதி அமைச்சகத்தின் கீழுள்ள குடிவரவுத் துறை. முதல் அலுவலகம் ஆவணங்களைச் சரிபார்த்துப் பதிந்துகொள்ளும். இரண்டாவது, இது உண்மையான குடும்பம்தானா, குடும்பம் நடத்த வருமானம் இருக்கிறதா என்று துருவிப் பார்க்கும். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் குழம்பிப்போகிறார்கள். இந்தியக் குடியுரிமை உள்ள தமிழர்களை மனதில் வைத்து, ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பெயரை ஒழுங்குபடுத்துங்கள்

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் முன்னால் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் நாட்டில் வளர்ந்த அலுவலர், இந்த மூன்றையும் மூன்று வெவ்வேறு ஆட்களின் பெயராகவே பார்ப்பார். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே அடிப்படையாக வையுங்கள். மற்ற ஆவணங்கள் அதிலிருந்து மாறுபட்டால், எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள். உங்கள் பெயரைக் கொரிய எழுத்தில் எப்படி எழுதுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 'கார்த்திகேயன்' என்ற பெயரையே இரண்டு மூன்று விதமாக எழுத முடியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லா மொழிபெயர்ப்பிலும் அதையே பின்பற்றுங்கள்.

படி 2: மணமாகாதவர் என்ற சான்று

உங்கள் நாட்டுச் சட்டப்படி நீங்கள் திருமணம் செய்யத் தடை இல்லை என்று காட்டும் ஆவணத்தைக் கொரிய அலுவலகம் கேட்கும். அங்கே 19 வயதில் சுயமாக மணக்கலாம். ஆனால் வெளிநாட்டவருக்கு அவருடைய நாட்டுச் சட்டத்தின் வயது வரம்பே பொருந்தும் என்பதால் இந்திய ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிரம்பியிருக்க வேண்டும். முன்பு மணமாகி விவாகரத்து ஆனவர் நீதிமன்றத் தீர்ப்பின் நகலையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவிலிருந்து செல்லும் ஆவணத்துக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டு அலுவலகத்துக்குக் காட்டும் அரசு முத்திரை தேவை. அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவில் 2005-லும் கொரியாவில் 2007-லும் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அந்த முத்திரை இருந்தால் தூதரகச் சான்றொப்பம் தனியாக வேண்டியதில்லை. முதலில் மாநில அளவில் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்பதே வழக்கமான வரிசை. பிறகு கொரிய மொழிபெயர்ப்பு. பதிவு அலுவலகத்துக்கு உங்கள் துணையே மொழிபெயர்த்து, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக் கையெழுத்திட்டால் பொதுவாகப் போதும். எந்த வடிவச் சான்றை ஏற்பார்கள் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுவதால், செலவு செய்வதற்கு முன் உங்கள் துணையை ஒரு போன் செய்து கேட்கச் சொல்லுங்கள்.

படி 3: பதிவு

கொரியாவில் பதிவு செய்வது எளிது. நகர அல்லது மாவட்ட அலுவலகத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை. வயது வந்த இரண்டு சாட்சிகளின் விவரமும் கையெழுத்தும் படிவத்தில் இருக்க வேண்டும். அவர்கள் நேரில் வர வேண்டியதில்லை. படிவத்தின் நடுவே ஒரு கேள்வி வரும்: பிறக்கும் குழந்தைக்குத் தாயின் குடும்பப் பெயரை வைக்க இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்களா? அவசரத்தில் குறியிட்டுவிட்டு நகராதீர்கள். குழந்தைக்குத் தந்தையின் குடும்பப் பெயர் என்பதுதான் அங்கே பொது விதி. வேறு முடிவு எடுத்திருந்தால் திருமணப் பதிவின்போதே சொல்ல வேண்டும். தந்தை வெளிநாட்டவர் என்றால், குழந்தை தாயின் பெயரைப் பெறச் சட்டம் தனியாகவும் இடம் தருகிறது. வீட்டிலேயே பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.

சில நாட்களில் உங்கள் துணையின் திருமண உறவுச் சான்றிதழில் உங்கள் பெயர் ஏறிவிடும். அதன் 'விரிவான' வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். விசாவுக்கு அது தேவைப்படும்.

தமிழ்நாட்டிலேயே முதலில் பதிவு செய்ய விரும்பினால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. கொரியத் துணை இந்துவாக இல்லாதபோது, கோயிலில் கல்யாணம் நடந்தாலும் இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது. அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், சாட்சிகள் மூவர். அதன்பின் மூன்று மாதத்துக்குள் உங்கள் துணை அந்தத் திருமணத்தைக் கொரிய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

படி 4: எஃப்-6-1 விசா

எஃப்-6 விசாவில், கொரியரின் கணவன் அல்லது மனைவியாக வாழ்பவருக்கான பிரிவு இது. நிஜமான வேலை இங்கேதான். வெளிநாட்டில் இருப்பவர் கொரியத் தூதரகத்திலும், மாணவர் விசா, வேலை விசா போன்ற நீண்டகால விசாவில் அங்கேயே இருப்பவர் குடிவரவு அலுவலகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் கிளம்பாதீர்கள்.

*வருமானம்.* அழைக்கும் கொரியருக்குக் கடந்த ஓராண்டில் குறைந்தபட்ச வருமானம் இருக்க வேண்டும். இந்த அளவு ஆண்டுதோறும் மாறும். இருவர் கொண்ட குடும்பத்துக்கு 2024-இல் அது 2,20,95,654 வொன். 2025-இல் 2,35,95,948 வொன். சம்பளம் எட்டாவிட்டால், கடன் போக மிஞ்சும் சேமிப்பு, வீடு போன்ற சொத்து மதிப்பில் 5 சதவீதம் வருமானமாகக் கணக்கில் சேரும். அந்தச் சொத்து ஆறு மாதமாவது கையில் இருந்திருக்க வேண்டும். கூட வசிக்கும் பெற்றோரின் வருமானத்தையும் காட்டலாம். தம்பதிக்குக் குழந்தை இருந்தால் இந்த நிபந்தனையே கிடையாது.

*மொழி.* டோபிக் எனப்படும் கொரிய மொழித் திறன் தேர்வின் முதல் நிலை போதும். 200-க்கு 80 மதிப்பெண். அல்லது அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் தொடக்கநிலைப் பாடத்தை முடித்த சான்று. நீங்கள் முன்பே கொரியாவில் ஓராண்டு தொடர்ந்து வசித்திருந்தாலோ, இருவரும் பேசிக்கொள்ளும் மொழி வழங்கும் நாட்டில் உங்கள் துணை ஓராண்டு தொடர்ந்து வசித்திருந்தாலோ விலக்கு உண்டு. விலக்கு கிடைத்தாலும் படியுங்கள். மாமியாரோடும் மருத்துவரோடும் பேச மொழிபெயர்ப்புச் செயலி போதாது.

*வீடு.* தம்பதி நிலையாக வசிக்கத்தக்க வீடாக இருக்க வேண்டும். 'கோஷிவொன்' எனப்படும் குட்டி அறையையோ மோட்டலையோ முகவரியாகக் காட்டினால் ஏற்க மாட்டார்கள்.

*திருமணப் பின்னணி அறிக்கை.* பலர் கடைசி இரவில் அவசரமாக நிரப்புவது இதைத்தான். ஆனால் அதிகாரி உங்களைப் பற்றி அறிந்துகொள்வது இதன் வழியாகத்தான். எப்போது, எங்கே, யார் மூலம் சந்தித்தீர்கள், எந்த மொழியில் பேசுகிறீர்கள், இரு வீட்டாரும் சந்தித்தார்களா என்றெல்லாம் கேட்பார்கள். உங்கள் துணை தனியாக எழுதும் அழைப்புக் கடிதத்திலும் இதே கதை வரும். நீங்கள் மார்ச்சில் சந்தித்ததாகவும் அவர் மே மாதம் என்றும் எழுதினால் கேள்வி எழும். இருவரும் பழைய குறுஞ்செய்திகளையும் விமான டிக்கெட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு தேதிகளைச் சரிபார்த்த பிறகு எழுதுங்கள். குடும்பத்தாரோடு எடுத்த படங்களைத் தேதியோடு இணையுங்கள். விசா மறுக்கப்பட்டால், பொதுவாக ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும்.

காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இருக்கின்றன. குறிப்பிட்ட மருத்துவமனைகளின் சான்று மட்டுமே செல்லும். கொரியத் துணை எடுக்க வேண்டிய சர்வதேசத் திருமண வழிகாட்டு வகுப்பு ஏழு நாடுகளுக்கு மட்டும்தான். இந்தியாவும் இலங்கையும் அவற்றில் இல்லை.

படி 5: போய் இறங்கிய பிறகு

90 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்க வேண்டும். குடிவரவுத் துறையின் ஹைகொரியா இணையதளத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பெரிய நகரங்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். எஃப்-6 இருந்தால் தனி அனுமதி இல்லாமலே வேலைக்குப் போகலாம். மருத்துவக் காப்பீட்டுக்கு மற்ற வெளிநாட்டவருக்குள்ள ஆறு மாதக் காத்திருப்பும் இல்லை. வீடு மாறினால் 15 நாளுக்குள் தெரிவியுங்கள்.

பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் எப்போதும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். பத்திரமாக வைக்கிறேன் என்று யார் கேட்டாலும், கணவர் வீட்டாரே ஆனாலும் கொடுக்காதீர்கள். திருமணம் முறிந்தாலே நாடு திரும்பியாக வேண்டும் என்று பயமுறுத்துவார்கள்; அது உண்மையல்ல. குழந்தையை வளர்ப்பவருக்கு எஃப்-6-2, துணையின் மரணத்தாலோ தன் மீது தவறில்லாத காரணத்தாலோ திருமண வாழ்வு முடிந்தவருக்கு எஃப்-6-3 இருக்கின்றன. வன்முறை என்றால் தனுரி உதவி எண் 1577-1366 இரவு பகல் பாராமல் பல மொழிகளில் இயங்குகிறது. விசா சந்தேகங்களுக்கு 1345.

இரண்டாண்டு எஃப்-6-இல் வசித்த பிறகு எஃப்-5 நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கொரியக் குடியுரிமைக்கும் திருமண வழியில் சலுகை உண்டு. பழைய குடியுரிமையை வைத்துக்கொள்ளவும் கொரியா அனுமதிக்கிறது. ஆனால் இந்தியச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவுடன் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஊரில் நிலமும் பெற்றோரும் இருப்பவர்கள் பலர் எஃப்-5 உடனேயே நின்றுகொள்வது இதனால்தான்.