ஓசி வேலைக்கும் பில் போடுங்கள்

போட்டோ, டிசைன், மொழிபெயர்ப்பு என்று இதுவரை சும்மா செய்து கொடுத்த வேலைக்கு இனி காசு வாங்கப் போகிறீர்களா? கடைசியாக இலவசமாகச் செய்யும் வேலைக்கே பில் அனுப்பிவிடுங்கள். முழுத் தொகையை எழுதி, அடுத்த வரியில் 'தள்ளுபடி 100%', அதன் கீழே 'செலுத்த வேண்டியது 0'. அடுத்த முறை அதே ஆள் வரும்போது தொகையைப் பார்த்துத் திடுக்கிட மாட்டார். தள்ளுபடி மட்டும்தான் இருக்காது. 'இனிமே காசு' என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுபவர்களுக்கு (நம்மில் பாதிப் பேர்) ரொம்பச் சௌகரியம்.

தொகையைக் கணக்குப் போடும்போது வேலை நேரத்தோடு போன் பேச்சு, திருத்தம், மென்பொருள் சந்தா, வரி எல்லாவற்றையும் சேருங்கள். இரண்டு திருத்தத்துக்கு மேல் தனிக் கட்டணம் என்று முன்பே எழுத்தில் போட்டுவிடுங்கள். முன்பணம் வராமல் வேலையைத் தொடாதீர்கள், சொந்தக்காரராகவே இருந்தாலும்.