பூங்கா நிலத்தின் தானப் பத்திரம் சிக்கிய இடம்

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென விட்ட இடத்தில் ஒருவர் வேலிக்கல் நட்டார். நலச்சங்கம் மனு கொடுத்தது. பட்டா தனியார் பெயரில் இருப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. மனை விற்றபோது கொடுத்த வண்ண வரைபடம் செல்லாது, அதில் அனுமதி முத்திரையே இல்லை. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தோம், பூங்கா இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் எதுவும் வரவில்லை.

வழி திறந்தது கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில். மனைப்பிரிவு அனுமதி எண்ணும் ஆண்டும் அங்கே இருக்கும். அதைக் குறிப்பிட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அனுமதி தந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு அனுப்பினோம். கேட்டவை இரண்டே: அங்கீகரித்த வரைபடத்தின் சான்றிட்ட நகல், திறந்தவெளி ஒதுக்கீட்டுக்கான (பூங்கா போன்ற பொது இடம்) தானப் பத்திர எண். "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தட்டிவிடுவார்கள்.

பத்திர எண் வந்த பிறகுதான் கோளாறு புரிந்தது. தானம் பதிவானபோது நிலம் உட்பிரிவு ஆகவில்லை. இப்போதைய 3ஏ, 3பி போன்ற உட்பிரிவு சர்வே எண்ணில் வில்லங்கம் தேடினால், தாய் எண்ணான 3-இல் பதிந்தது வராது. தாய் எண்ணைப் போட்டு, அனுமதி ஆண்டிலிருந்து தேடினோம், உடனே வந்தது.

பத்திர நகலோடு வட்டாட்சியரிடம் பட்டா மாற்றம் கோரியதும் நில அளவை நடந்து கல் அகன்றது. அளவை ஒப்பிடும்போது கவனம்: பத்திரத்தில் சதுர மீட்டர், பட்டாவில் ஏர். ஓர் ஏர் 100 சதுர மீட்டர்.