திருப்பூர் போய் பவர் மிஷின் வாங்கிட்டு ஒரே நாள்ல திரும்புறது எப்படி? (துணிப்பை தைக்கிறவங்களுக்கு)

2019 பிளாஸ்டிக் தடைக்கு அப்புறம் வீட்லயே மஞ்சப்பை தைச்சுக் குடுக்குறவங்க நிறைய ஆயிட்டாங்க. ஆனா கால் மிஷின வெச்சு பெரிய ஆர்டர் எடுத்தா முதுகு போயிடும். நான் சேலத்துல இருந்து திருப்பூர் போய் கரண்ட்ல ஓடுற பவர் மிஷின் வாங்கிட்டு வந்தேன், அதை வெச்சுத்தான் இதை எழுதுறேன். உங்களுக்கு தைக்கத் தெரியும்னு எடுத்துக்கிறேன்.

ஸ்டெப் 1: நாள் பாருங்க

ஞாயித்துக்கிழமை வேண்டாம், தீபாவளி ஒட்டின வாரமும் வேண்டாம். முக்கியமா, நீங்க போற ஏரியால அன்னைக்கு மாதாந்திர மின்தடை இருக்கான்னு முந்தின நாள் பேப்பர்ல பாத்துருங்க. கரண்ட் இல்லாம மிஷின ஓட்டிப் பாக்க முடியாது, ஓட்டிப் பாக்காம வாங்கவே கூடாது. சேலத்துல காலைல ட்ரெயின் ஏறுனா கடை திறக்குற நேரத்துக்குப் போயிடலாம்.

ஸ்டெப் 2: என்ன மிஷின்

ஒரே ஊசில தைக்கிற சிங்கிள் நீடில் போதும். துணி ஓரம் பிரியாம அடிக்கிற ஓவர்லாக் அப்புறம் பாத்துக்கலாம். மோட்டார்ல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன், சர்வோ தான். பழைய கிளட்ச் மோட்டார் நீங்க தைக்காதப்பவும் சுத்திட்டே இருக்கும், கரண்ட் வீண், சத்தம் வேற. சர்வோ மிதிச்சா மட்டும் ஓடும், ஸ்பீடும் குறைச்சு வெச்சுக்கலாம், புதுசா பழகுறவங்களுக்கு அது பெரிய நிம்மதி. ஜாக் கம்பெனியோட எஃப்4 மாதிரி மிஷின்ல மோட்டார் ஹெட்லயே (டேபிள் மேல இருக்குற தைக்கிற பாகம்) வந்துடும், பெல்ட் தொல்லை கிடையாது.

ஸ்டெப் 3: உங்க துணில ஓட்டிப் பாருங்க

இங்கதான் நிதானம் வேணும். கடைல ஒரு மெலிசான பாப்ளின் துண்டு வெச்சுத் தைச்சுக் காட்டுவாங்க, அதுல எல்லா மிஷினும் வெண்ணெய் மாதிரி ஓடும். நான் முதல்ல ஏறுன கடைல அப்படித்தான் ஓடுச்சு, நான் கொண்டுபோன தடிமனான காடா துணிய வெச்சதும் ரெண்டு இன்ச்ல நூல் அறுந்து போச்சு. பையோட வாய் மடிச்ச இடத்துல 3 மடிப்பு, அதுமேல நாலா மடிச்ச கைப்பிடி 4, மொத்தம் 7 மடிப்பு ஒரே இடத்துல வருது. அந்தத் தடிப்பத் தாண்டுதான்னு தான் பாக்கணும். அதனால வீட்லயே கைப்பிடி ஊசி குத்தி வெச்ச ஒரு பைய ரெடி பண்ணி, நீங்க வழக்கமா போடுற நூலோட எடுத்துட்டுப் போங்க.

தைச்சதும் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. நூல் வளையம் வளையமா தொங்குனா டென்ஷன் (நூலோட இறுக்கம்) சரியில்லைன்னு அர்த்தம், செட் பண்ணச் சொல்லலாம். பாபின் கேஸ நூலப் புடிச்சுத் தொங்கவிட்டு லேசா ஒரு உதறு உதறுங்க, கொஞ்சமா இறங்கி நிக்கணும், சரசரன்னு கீழ போயிடக் கூடாது. டென்ஷன் சரியா இருந்தும் மடிப்புகிட்ட தையல் விட்டுப்போச்சுன்னா ஊசி நம்பர ஏத்திப் பாருங்க, 16 இல்லன்னா 18. அப்பவும் விட்டுப்போனா ஹெவி மாடல் கேளுங்க. ஜூக்கி கம்பெனியோட டிடிஎல்-8700க்கு எச் போட்ட ஹெவி மாடல் தனியா இருக்கு, சாதா மாடல்ல தையல் நீளம் 4 மி.மீ. வரைக்கும், எச்ல 5 மி.மீ. வரைக்கும் வரும்.

ஸ்டெப் 4: பில், வண்டி

ஹெட்ல இருக்குற சீரியல் நம்பர் பில்லுல இருக்கான்னு அங்கயே ஒத்துப் பாருங்க. டேபிள், ஸ்டாண்ட கழட்டி லாரி பார்சல்ல போட்டுடலாம். ரெண்டு பேர் சேர்ந்து வாங்குனா குட்டி யானை வண்டி கட்டுப்படியாகும், சாயங்காலமே வீட்டுக்கு வந்துடலாம். அடில ஆயில் தொட்டி இருக்குற ஹெட்டா இருந்தா ஏத்துறதுக்கு முன்னாடி ஆயில வடிக்கச் சொல்லுங்க, இல்லன்னா வழியெல்லாம் ஒழுகி டேபிள், துணி எல்லாம் பாழாயிடும். வீட்ல மறுபடி ஊத்தி, ஓட்டும்போது மேல இருக்குற கண்ணாடில ஆயில் தெறிக்குதான்னு பாத்துட்டுத் தைங்க.

அப்டேட்: லோன் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சின்னத் தொழில் பண்றவங்களுக்கு மத்திய அரசு திட்டத்துல குடுக்குற முத்ரா லோன்ல ஷிஷு பிரிவு 50,000 ரூபாய் வரைக்கும். மொதல்ல கடைல விலை எழுதித் தர்ற கொட்டேஷன் மட்டும் வாங்கிட்டு பேங்குக்குப் போங்க, கைக்காசு கட்டி மிஷின எடுத்துட்டு அப்புறம் கேட்டா சிக்கல்.

இன்னொரு அப்டேட்: வீட்டு மிஷின் ஊசி இதுல சேராதுங்க. அதுக்கு மேல்பக்கம் ஒரு சைடு தட்டையா இருக்கும், பவர் மிஷினுக்கு முழுசா உருண்டை. டிபி×1 (DB×1)னு கேட்டு அங்கயே ரெண்டு பாக்கெட் வாங்கிருங்க.