மாடியில் சோலார் ஏறும் முன்: கொங்கு வீடுகளில் நடக்கும் தவறுகள்

கரண்ட் பில்லும் கட்டக்கூடாது, தண்ணி லாரியையும் கூப்பிடக்கூடாது என்று வீட்டை மாற்றுகிறவர்கள் அன்னூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கம் பெருகி வருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் முதல் வேலையாகப் பேனல்காரரைக் கூப்பிடுகிறார்கள் பாருங்கள், அங்கேயே கணக்கு கோணலாகிவிடுகிறது.

நம்ம பக்கம் தண்ணியும் கரண்டும் வேறு வேறு சங்கதி இல்லைங்க. அடியில் பாறை. பல ஊர்களில் 800, 1,000 அடி போர் ஓட்டினால்தான் தண்ணி. 800 அடியிலிருந்து 1,000 லிட்டரை மேலே கொண்டுவர, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் ஒன்றரை முதல் 2 யூனிட் வரை இழுக்கும். அதே 1,000 லிட்டர் வாசலில் தரைத்தொட்டியில் கிடந்தால், மாடிக்கு ஏற்ற ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குத் தருவதே சுமார் 4 யூனிட். தண்ணிக் கணக்கைப் போடாமல் எத்தனை கிலோவாட் என்று கேட்பதுதான் முதல் தவறு.

மழைக்கு வருவோம். 1,000 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். கோவை, திருப்பூர் சமவெளியில் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் என்று வைத்து, ஆவியாவதும் சிந்துவதும் போகக் கணக்கிட்டால் கைக்கு வருவது சுமார் 45,000 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டின் மொத்தச் செலவுக்கு இது மூணு மாசம்கூட வராது. மழைத்தண்ணியிலேயே வருஷம் பூரா ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் கதையே வேறு: நாளைக்கு 40 லிட்டர் வைத்தாலும் வருஷத்துக்கு 15,000 லிட்டருக்குள் முடிந்துவிடும். 10,000 லிட்டர் தொட்டி ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பினால் சித்திரை தாண்டியும் தாங்கும். வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் பிளான் அப்ரூவலுக்காக ஒரு குழி, ரெண்டு கூடை ஜல்லி, அதோடு சரி என்ற வீடுகளே அதிகம். மாடிக் குழாயை நேராகத் தொட்டியில் விடுவது இன்னொரு தவறு. முதல் மழையில் இறங்குவது தூசியும் வேப்பஞ்சருகும் காக்கா எச்சமும் கலந்த டீத்தண்ணி. தொட்டிக்குப் போகும் வழியில் நாலு இஞ்ச் குழாய் ஒன்றை நட்டு, அடியில் திருகு மூடி போட்டுவிட்டால் அழுக்கு அதில் நிற்கும். அது நிரம்பிய பிறகே தொட்டிக்குத் தண்ணி போகும். மழை விட்டதும் மூடியைத் திறந்து கொட்டிவிட வேண்டும். இந்த மூடியைத் திறக்கத்தான் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

தொட்டி நிரம்பி வழிவதை வடிகட்டாமல் போரில் விடாதீர்கள். பாறை இடுக்குகளைச் சேறு அடைத்துவிட்டால் இருக்கிற ஊற்றும் போய்விடும். தோட்டத்தில் பழைய கிணறு வத்திக் கிடந்தால் அதில் விடுங்கள். அந்தக் கிணற்றைக் கட்டட இடிபாடு கொட்டி மூடுவது, என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலிலேயே பெரிய தவறு. அத்தனை ஆழக் குழியை இன்று வெட்ட யாரால் முடியும்?

இனிப் பேனல். வீட்டு மாடிச் சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என்றதும் எல்லோரும் 3 கிலோவாட்டுக்குத் தாவுகிறார்கள். ரெண்டு மாசத்துக்கு 250 யூனிட் ஓடும் வீட்டில், 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். 3 கிலோவாட் தருவதோ ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட்டுக்கு மேல். மிச்சமாகி லைனுக்குப் போகும் யூனிட்டுக்குப் பெரிய காசு வந்துவிடாது. முதலில் பழைய பில்களை எடுத்துப் பாருங்கள்.

இடம் பார்ப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. சித்திரை வெயிலில் மாடியில் நின்று பார்த்தால் நிழலே தெரியாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் தண்ணித்தொட்டியின் நிழல் பேனல்மேல் வந்து படுக்கும். தொடராகக் கோத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலே மொத்த உற்பத்தியும் இறங்கும். அதனால் தொட்டிக்குத் தெற்கே போடுங்கள். தென்னை நிழலையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டைத் தட்டோட்டில் போல்ட் அடித்து நிறுத்தினால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காத்து அதைப் பிடுங்கிப் பார்க்கும். கான்கிரீட்டில் பிடித்திருக்க வேண்டும்.

பேனலைப் போர்த்தண்ணி விட்டுக் கழுவுகிறவர்கள் கண்ணாடியின் கீழ் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள்: நகத்தால் சுரண்டினாலும் வராத வெள்ளை உப்பு படிந்திருக்கும். மழைத்தண்ணியில் கழுவுங்கள், அதுவும் காலை வெயில் ஏறும் முன்.

சோலார் போட்டாச்சு, இனிக் கரண்ட் கட்டே கிடையாது என்று நினைப்பது பெரும்பாலோர் ஏமாறும் இடம். பேட்டரி இல்லாமல் கரண்ட் லைனோடு இணைந்து ஓடும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போன கணமே தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் நடுப்பகல் வெயிலிலும் ஃபேன் ஓடாது. அப்போதும் ஃபேன் ஓட வேண்டுமென்றால், லைனோடும் பேட்டரியோடும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். ஆனால் அதில் போர் மோட்டாரைச் சேர்க்காதீர்கள். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பேட்டரி முழுக்கத் தேக்குவதே 1.8 யூனிட், பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுசு குறையும். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு ஆம்பியர் வேறு இழுக்கும். பகலில் வெயில் இருக்கும்போதே மேல்தொட்டியை நிரப்பி வைப்பதுதான் மலிவான பேட்டரி.

சாண எரிவாயுவுக்கு ஆசைப்படுபவர்கள் மாட்டை எண்ணிவிட்டு இறங்குங்கள். 2 கனமீட்டர் கலனுக்குத் தினம் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும்; ஒரு மாடு போடுவது 10 கிலோ அளவுக்கு. காங்கயம் பக்கத்தில் பகல் முழுக்கக் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் மேயவிட்டால் பாதிச் சாணம் அங்கேயே விழும், கலனுக்கு வராது. கட்டுத்தரையில் அஞ்சு மாடு நிற்கிற வீட்டுக்குத்தான் இது ஒத்துவரும்.