ஆபரேஷனுக்கு முன்னால் ‘ஃபிட்னஸ்’: நோயாளிகள் செய்யும் தவறுகள்

ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டால் வீட்டில் எழும் அடுத்த கேள்வி, “ஃபிட்னஸ் வாங்கியாச்சா?” அதாவது, மயக்க மருந்தை உடம்பு தாங்கும் என்று டாக்டரிடம் கையெழுத்து வாங்கியாச்சா என்று. ஏதோ ஆர்டிஓ ஆபீஸில் லாரிக்கு எஃப்சி வாங்குவது மாதிரி. பாதித் தவறு அந்த ‘வாங்கியாச்சா’வில்தான் இருக்கிறது. நான் மயக்க மருந்து டாக்டர். என் அறைக்கு வருகிறவர்களில் பலர் ரத்தப் பரிசோதனை, இசிஜி, எக்கோ எல்லாம் சேர்ந்த ஃபைலை மேஜைமேல் வைத்துவிட்டு என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிய வேண்டியதில் முக்கால்வாசி அந்த ஃபைலில் இருக்காது, அவர்கள் வாயில்தான் இருக்கும்.

முதலில் மாத்திரை. “பிபிக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு, வெள்ளையா சின்னதா இருக்கும் டாக்டர்” என்றால் நான் என்ன செய்வது? அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. பித்தப்பைக் கல்லுக்கு வந்த ஒரு அம்மா அப்படிக் கொட்டிய குவியலில்தான் டாபாகிளிஃப்ளோசின் கிடைத்தது. 2020-இல் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதிலிருந்து நிறையப் பேர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை அது. ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். நிறுத்தாமல் பட்டினியும் கிடந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம், ஆனால் குளுக்கோமீட்டர் 160, 180 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும் என்பதால் யாருக்கும் சட்டென்று சந்தேகம் வராது.

இதைப் படித்துவிட்டு எல்லா மாத்திரையையும் நீங்களே நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிட மோசம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் “ஆபரேஷன்ல ரத்தம் நிக்காது” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் க்ளோபிடோக்ரெலைத் தானாக நிறுத்தினால், ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். எதை நிறுத்துவது, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் நாங்களும் பேசி முடிவு செய்ய வேண்டும். மெட்டோப்ரோலால் மாதிரி பிபி மாத்திரை, வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை இவற்றைப் பெரும்பாலும் அன்று காலையிலும் ஒரு வாய் தண்ணீரோடு போடச் சொல்வோம்.

அப்புறம் மூட்டுவலிக்கு வாங்கிச் சாப்பிடும் பொடி. அது மருந்துக் கணக்கிலேயே சேராது என்று நினைக்கிறார்கள். பெயர் தெரியாத பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு, மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்துபோய், ஆபரேஷன் நடுவில் பிபி இறங்கிக்கொண்டே போகும்.

சரி, “மாடி ஏறினா மூச்சு வாங்குதா?” என்று கேட்பேன். குடலிறக்கத்துக்கு வந்த ஒரு பெரியவர் “சேச்சே, இல்லவே இல்லை” என்றார். பக்கத்திலிருந்த மனைவி, “இவர் மாடிக்குப் போயே ஒரு வருஷம் ஆச்சு டாக்டர், துணி காயப்போடக்கூட நான்தான் போறேன்.” அந்த ஒரு வரி எக்கோ ரிப்போர்ட்டைவிட எனக்கு உதவியது. நிற்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறதா என்பது இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு எளிமையான அளவுகோல். அதனால் கூடவே இருக்கும் ஆளை அழைத்து வாருங்கள். சிகரெட், குடி பற்றிய கேள்வி வரும்போது மட்டும் மகனை வெளியே அனுப்பிவிடுவேன், அப்போதுதான் உண்மை வரும்.

வாயைத் திறக்கச் சொல்வது தொண்டை வலிக்காக இல்லை. நாக்குக்குப் பின்னால் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டை வழியே குழாய் போடுவது சிரமமாக இருக்குமா என்று கணிக்கிறோம். 1985-இல் மல்லம்பட்டி என்ற மருத்துவர் எழுதியதிலிருந்து உலகம் முழுக்க அவர் பெயரிலேயே பார்க்கப்படும் சோதனை. பல வருஷம் பான்மசாலா போட்டவர்களுக்கு வாயே இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காமல் போகலாம். ஆடும் பல், பல்செட் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்திலிருந்து எழ ரொம்ப நேரம் ஆனதா என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்காதீர்கள். சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்து சில நிமிடங்களில் கரைந்துவிட வேண்டும், அதைக் கரைக்கும் என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு மணிக்கணக்கில் வென்டிலேட்டர் தேவைப்படும். ஆரிய வைசியர் சமூகத்தில் இந்தக் குறைபாடு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காகத்தான் சில டாக்டர்கள் தயங்கித் தயங்கிச் சமூகம் கேட்பது, வேறொன்றுமில்லை.

கடைசியில் வெறும் வயிறு. ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். இட்லி மாதிரி லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், பிரியாணி, பொரித்த அயிட்டங்களுக்கு 8, வெறும் தண்ணீருக்கு 2. பால் சேர்த்த டீ, காபிக்கும் 6 மணி நேரம்தான், “ஒரு வாய்தானே” என்பது இங்கே செல்லாது. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று 1946-லேயே மெண்டல்சன் என்ற மருத்துவர் பிரசவ கேஸ்களை வைத்து எழுதிவிட்டார். மறுபக்கம், எங்கள் ஆட்களே வார்டில் “ராத்திரி 10 மணிக்கு மேல ஒண்ணும் கூடாது” என்று பொதுவாகச் சொல்லிவிட, மதியம் 2 மணி கேஸுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் நாக்கு ஒட்டிப்போய்க் காத்திருப்பவர்களையும் பார்க்கிறேன், அதற்கு நான் வெட்கப்படத்தான் வேண்டும். உங்கள் நேரம் என்ன, தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தெரியாமல் டீ குடித்துவிட்டால் டியூட்டி நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், திட்டுவார்கள், கேஸ் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.