பெங்களூருக்குப் புதிதாக வந்திருக்கும் சிஸ்டர்களுக்கு: என்கிளெக்ஸ் எழுதும் முன்

ஹாஸ்டலில் பெட்டியைப் பிரிப்பதற்குள் பக்கத்துக் கட்டில்காரி கேட்டுவிடுவாள்: "என்கிளெக்ஸ் எழுதப் போறியா?" அமெரிக்காவில் ஆர்.என்., அதாவது பதிவுபெற்ற நர்ஸ், உரிமம் வாங்க எழுதவேண்டிய அந்தத் தேர்வுக்குப் பெங்களூரிலேயே மையம் இருக்கிறது. அதனால் இங்கே டியூட்டி பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான். முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறினேன். பாடம் தெரியாமல் தோற்கவில்லை. வார்டில் நாம் செய்வதையே விடையாகக் குறித்துக்கொண்டு வந்தேன், அதுதான் கோளாறு.

முதலில் பெயர் விஷயம். நம் மார்க் ஷீட்டில் "எஸ். கலைச்செல்வி" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருக்கும். மையத்தில் பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான். அனுமதிக் கடிதத்திலும் அதே பெயர் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போய்விடும். அந்தப் பாஸ்போர்ட் ஊரில் அம்மாவின் பீரோவில் இருந்தால் அடுத்த லீவிலேயே எடுத்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிந்தவர்கள் அந்தப் பதிவை உறுதிசெய்யும் சரிபார்ப்புக் கடிதத்துக்கும் சென்னையைத்தான் கேட்க வேண்டும். அதையும் அந்த லீவிலேயே கவனித்துவிடலாம்.

கேள்விகள் 85-க்குக் குறையாது, 150-ஐத் தாண்டாது. நேரம் 5 மணி. நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் இன்னும் கடினமானதாகக் கேட்கும். ஆகவே கேள்வி கடினமாகிறதே என்று பதற வேண்டாம். ஒன்றைத் தாண்டிப் போகவும் முடியாது, திரும்பி வரவும் முடியாது. 85-ஆவது கேள்வியோடு தேர்வு நின்றுவிட்டால் பாஸ் என்று ஹாஸ்டலில் ஒரு ஜோசியம் உண்டு. நான் தோற்றபோது 85-இல்தான் நின்றது.

இப்போது வார்டுக்கு வருவோம். ஆபரேஷனுக்கு முன் ஒரு அம்மா அழுகிறார். நாம் என்ன சொல்வோம்? "ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க." தேர்வில் அது தப்பு. நம் கையில் இல்லாததற்கு உறுதி கொடுக்கிறோம், அவரை மேலே பேசவும் விடுவதில்லை. "எதை நினைச்சுப் பயமா இருக்கு?" என்று கேட்கிற விடைதான் சரி. எனக்கு இது மண்டையில் ஏறவே ஒரு மாதம் ஆயிற்று. மூச்சுத் திணறுகிறவருக்கும் அப்படித்தான்: நம் கை டாக்டருக்குப் போன் போடப் போகும். தேர்வு முதலில் எதிர்பார்ப்பது கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவதை. நர்ஸ் உடனே செய்யக்கூடியது ஒன்று விடைகளில் இருந்தால், டாக்டரைக் கூப்பிடுவது அதற்கு அப்புறம்தான்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கேள்விகளும் நம்மைக் கவிழ்க்கும். இங்கே பாதி வேலையைக் கூட இருக்கும் சொந்தக்காரர்களே பார்த்துவிடுகிறார்கள். அங்கே உதவியாளரிடம் குளிப்பாட்டுவது, நிலை சீராக இருப்பவரின் பி.பி. பார்ப்பது போன்றவற்றைக் கொடுக்கலாம். நோயாளியின் நிலையை மதிப்பிடுவதும் சொல்லிக்கொடுப்பதும் உங்கள் வேலை. மருந்துப் பெயரிலும் ஒரு கண் வையுங்கள்: நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின், சால்ப்யூட்டமால் ஆல்ப்யூட்டரால்.

பொருந்துவதையெல்லாம் குறிக்கச் சொல்லும் கேள்விகளில் முன்பு ஒன்று தவறினாலும் முழு மதிப்பெண்ணும் போகும். 2023 ஏப்ரலில் தேர்வு மாறியபின் பாதி சரிக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் அவற்றில் தப்பாக ஒன்றைக் குறித்தால் கிடைத்ததிலிருந்து ஒன்று கழியும். எனவே ஊகத்தில் நாலைந்தைத் தட்டிவிடாதீர்கள். நிச்சயமாகத் தெரிந்ததோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

நைட் டியூட்டி முடித்த கையோடு தேர்வுக்குப் போகவே கூடாது. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னல் வழியில் வருமென்றால் கூகுள் மேப் சொல்லும் நேரத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்துக் கிளம்புங்கள். தோற்றால் மறுபடி எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும், 200 டாலர் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். இன்சார்ஜிடம் இரண்டு நாள் ஆஃப் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தேர்வு என்று சொல்லத் தயக்கமாக இருந்தால் ஊரில் காதுகுத்து என்று சொல்லலாம். நான் இரண்டு தடவையும் அதைத்தான் சொன்னேன்.